நாலு எழுத்து இடைவெளி

திரும்பி வந்த குரலில் அருவி இல்லை.

துல்கர்னைன் முதலில் அதைத் தன் காதின் கோளாறு என்றுதான் நினைத்தான். அறுபத்து மூன்றாம் வருஷம், ஆடி பிறந்த வாரம். குற்றாலத்தில் நாலு நாளாகச் சாரல் விடாமல் பிடித்திருந்தது. நாடகக் கம்பெனி ஒத்திகைக்கு எடுத்திருந்த அந்தப் பழைய பங்களாவின் நீளக் கூடத்தில் எந்த மூலையில் போய் நின்றாலும் பேரருவியின் இரைச்சல் கூடவே வந்தது. ஓட்டு இடுக்குகளில் பொடித்தூறல் இறங்கி ஜமுக்காளத்தை நனைத்து, காயாத துணியின் நாற்றத்தைக் கிளப்பியிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே கூடம் விளக்கு வைக்கிற நேரம்போல இருண்டு கிடந்தது. மைக்கில் யார் பேசினாலும் அந்தக் குரலுக்குப் பின்னால் அருவியும் சேர்ந்துதான் விழும். மனுஷக் குரலையும் தண்ணீர்ச் சத்தத்தையும் பிரித்துப் பார்க்க மைக்குக்குத் தெரியாது.

ஆனால் ஞானபாக்கியம் "அரசனே" என்று சொல்லி நிறுத்தியதும், எக்கோ பெட்டி அந்தச் சொல்லை வாங்கித் திருப்பிக் கொடுத்தபோது அவள் குரல் மட்டும் வந்தது. அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. கதவு ஜன்னல் எல்லாம் அடைத்த, காற்றுகூட நுழையாத ஓர் இடத்திலிருந்து வந்ததுபோல இருந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்கக்கா."

"அரசனே," என்றாள் அவள். அருவியோடு.

"அரசனே," என்றது பெட்டி. அருவி இல்லாமல்.

துல்கர்னைன் தென்காசியில் மைக்செட் கடை வைத்திருந்தான். கல்யாணம், கந்தூரி, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று பதினைந்து வருஷமாகத் தென்னை மரத்திலும் பனை மரத்திலும் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பழகியவன். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, எதில் மோதி வருகிறது என்று அவன் காது தானாகவே கணக்குப் போடும். எக்கோ பெட்டிதான் புதுசு. கடையநல்லூர் பீர் மைதீன் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வரும்போது கொண்டுவந்து கொடுத்தது. பெட்டிக்குள்ளே இரண்டு முழ நீள டேப், முனையோடு முனை ஒட்டி வளையமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு தலை அந்த டேப்பில் குரலை எழுதும். கொஞ்சம் தள்ளி இன்னொரு தலை அதைப் படித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். மூன்றாவது தலை அழித்துவிடும். படிக்கிற தலையை ஒரு கைப்பிடியால் முன்னும் பின்னும் நகர்த்தலாம். தள்ளி வைத்தால் குரல் தாமதமாகத் திரும்பும், கிட்டே கொண்டுவந்தால் சீக்கிரம் திரும்பும். திரும்புகிற குரல் எத்தனை தடவை திரும்ப வேண்டும் என்பதற்கு ஒரு குமிழ். எவ்வளவு உரக்க என்பதற்கு ஒரு குமிழ். அவ்வளவுதான் பெட்டி. ஆனால் அந்த மூன்றையும் பதமாகத் திருப்பினால் பத்துக்குப் பத்து அறையைக் குகையாக்கலாம், கோயில் மண்டபமாக்கலாம்.

கம்பெனி முதலாளி குத்தாலிங்கம் அண்ணாச்சிக்கு வானம் வேண்டியிருந்தது. சீசனுக்கு வருகிற கூட்டத்துக்காக ராஜா நாடகம் ஒன்று போடுகிறார். காட்டில் வழி தவறிய அரசனிடம் அசரீரி பேசுகிற கட்டம் அதில்தான் உச்சம். இதுவரை அசரீரி பேசுகிறவர் பித்தளை அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவார்.

"வானத்துக்கு எவ்வளவு இடைவெளி வைக்கணும் பாய்?" என்று கேட்டார் குத்தாலிங்கம்.

"வானத்துக்குச் சுவரு கிடையாதே அண்ணாச்சி. குத்துமதிப்பாத்தான் வைக்கணும்."

அவன் கைப்பிடியைத் தள்ளித் தள்ளி, ஞானபாக்கியத்தின் உதட்டைப் பார்த்துக்கொண்டே வைத்தான். "அரசனே" என்ற நாலு எழுத்தையும் அவள் சொல்லி முடித்து வாயை மூடியதும் திரும்பி வருகிற குரலின் முதல் 'அ' கேட்க வேண்டும். அதற்குள் வந்தால் சொல்லின்மேல் சொல் ஏறிவிடும். நாலு எழுத்து இடைவெளி. சரியாக அமைந்த இடத்தில் கைப்பிடிக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டான்.

பிறகு பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தலைகளைத் துடைத்தான். தானே மைக்கில் போய் "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லிப் பார்த்தான். அவன் குரல் அருவியோடு போய், அருவியோடு திரும்பி வந்தது. இடைவெளி சரியாக இருந்தது. ஞானபாக்கியத்தின் குரலுக்கு மட்டும்தான் அருவி இல்லை.

அவளுக்கோ மனசு நிறைந்துவிட்டது. நாற்பத்தாறு வயது. ஒரு காலத்தில் ராணி வேஷம் கட்டி நாகர்கோவில்வரைக்கும் பேர் வாங்கியவள். முகத்தில் அம்மைத் தழும்பு விழுந்தபிறகு ஆறு வருஷமாக மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்களின் ஜரிகையைத் தைத்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியாத வேஷம் என்பதால்தான் இதை அவளுக்குக் கொடுத்தார்கள்.

"என் குரலா தம்பி இது," என்று ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எவ்வளவு சுத்தமா இருக்கு."

அவன் பெட்டியின் மூடியைச் சாத்தினான்.

மறுநாளும் தூறல். பங்களாவின் கூரைமேல் குரங்குகள் ஓடுகிற சத்தம், பக்கத்து அறையில் அரசன் வேஷக்காரன் எண்ணெய் தேய்த்துக்கொள்கிற வாசனை, சூடேறிய ஆம்பிளிஃபயர் வால்வுகளின்மேல் தூசி கருகுகிற நெடி. துல்கர்னைன் கைப்பிடி கோட்டில்தான் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அவளைச் சொல்லச் சொன்னான்.

"அரசனே," என்றாள். அவள் 'னே'க்குப் போகும்போதே முதல் 'அ' திரும்பி வந்துவிட்டது.

மூன்று எழுத்து.

கரண்டு கூடியிருக்கும் என்று நினைத்தான். வோல்டேஜ் ஏறினால் மோட்டார் வேகமாகச் சுற்றும், இடைவெளி குறையும். கூடத்து பல்பைப் பார்த்தான். என்றைக்கும்போல மஞ்சளாகத்தான் அழுது வடிந்தது. மைக்கைத் தன்பக்கம் இழுத்து, அவனே "அரசனே" என்று சொன்னான். நாலு எழுத்து. மறுபடி அவளிடம் கொடுத்தான். மூன்று எழுத்து. மோட்டாருக்கு ஆள் பார்த்து ஓடத் தெரியாது.

"என்ன தம்பி, பெட்டி மக்கர் பண்ணுதா?"

"இல்லக்கா. சீக்கிரம் திரும்புது."

"சீக்கிரம்னா?"

பெட்டி என்ன செய்கிறது என்று அவளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டியிருந்தது. "மலையப் பாத்துக் கூப்பிட்டா எதிர்க்குரல் வருதுல்லா. பாறை தூரத்துல இருந்தா மெள்ள வரும். கிட்ட இருந்தா சடார்னு வரும். இந்தப் பெட்டி அந்தமாதிரி ஒரு பாறை இருக்கறதாப் பொய் சொல்லுது, அவ்வளவுதான்."

"அப்பம் நேத்தைக்கு இருந்த எடத்துல இன்னைக்குப் பாறை இல்ல. கிட்ட வந்திருக்கு."

"பாறை எங்கக்கா வரும்."

"பின்ன?" என்று சிரித்தாள் ஞானபாக்கியம். "நான் போறேனா?"

அன்றைக்குச் சாயங்காலம் தென்காசிக்கு பஸ்ஸில் திரும்பும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக விரலை மடக்கிக்கொண்டு வந்தான் துல்கர்னைன். வீட்டில் அவன் மனைவி ஷமீம் பானு சோற்றைப் போட்டுவிட்டு இரண்டு தரம் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டதற்கும் அது தன் காதில் விழுந்ததற்கும் நடுவில் எத்தனை எழுத்து என்று எண்ணிக்கொண்டிருந்தவன், பதில் சொல்ல மறந்துவிட்டான்.

மூன்றாம் நாள் இரண்டு எழுத்து.

அவள் 'ச'வுக்குப் போகும்போதே வந்தது. அருவி இல்லாத, காற்றில்லாத அந்தக் குரல். அன்றைக்கு ஒன்று கூடுதலாகத் தெரிந்தது. முதல் நாள் அது அவள் சொன்னதை அப்படியே சொன்னது. இன்றைக்கு அவள் தயங்கிய இடத்தில் அது தயங்கவில்லை. அவள் மூச்சு வாங்கிய இடத்தில் அதற்கு மூச்சு இல்லை. வசனத்தை அவளைவிட நன்றாகச் சொன்னது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு முழு வசனத்தையும் பேசிக்கொண்டிருந்தாள். "அரசனே, நில். நீ தேடி வந்தது உனக்கு முன்னமே இங்கே வந்து நிற்கிறது..." துல்கர்னைன் பெட்டியின் மூடியைத் திறந்தான். டேப் வளையம் சக்கரங்களின்மேல் நழுவி நழுவி ஓடிக்கொண்டிருந்தது. ஏன் அப்படிச் செய்யத் தோன்றியது என்று அவனுக்கே தெரியாது. ஆள்காட்டி விரலை வளையத்துக்குள் கொடுத்து, அதைச் சக்கரங்களிலிருந்து மெள்ளத் தூக்கி வெளியே எடுத்துவிட்டான்.

இனி எழுத டேப் இல்லை. படிக்க டேப் இல்லை.

"திரும்பிப் பார்க்காதே," என்றாள் ஞானபாக்கியம்.

"திரும்பிப் பார்க்காதே," என்றது ஸ்பீக்கர். இரண்டு எழுத்து பின்னால்.

பழுப்பு நிற டேப் அவன் விரலில் பூணூல்மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் சக்கரங்கள் வெறுமனே சுற்றின. அவன் முதுகுத்தண்டில் ஈரமான ஏதோ ஒன்று மேலிருந்து கீழே இறங்கியது. வேர்வைதான். வேர்வைதான் என்று சொல்லிக்கொண்டான். அவள் கண்ணைத் திறப்பதற்குள் டேப்பை மறுபடி மாட்டி மூடியைச் சாத்தினான்.

"அக்கா, நாளைக்கு இந்தப் பெட்டி வேண்டாம். பழைய அண்டாவே போதும்," என்றான் ஒத்திகை முடிந்ததும்.

அவள் முகம் வாடிப்போனது. "ஏன் தம்பி?"

"பெட்டி சரியில்ல."

"நல்லாத்தான கேக்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆறு வருஷமா எனக்கு எவனும் ஒரு வரி வசனம் குடுக்கல. நாளைக்கு ஒரு நாள். நான் திரைக்குப் பின்னாலதான் நிக்கப்போறேன், ஒருத்தனும் என் மூஞ்சியப் பாக்கப்போறதில்ல. குரலாவது நல்லா வரட்டுமே. அண்டாக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பேசச் சொல்லுதீங்களா?"

டேப்பைக் கையில் எடுத்த பிறகும் குரல் வந்ததை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சத்தமாகச் சொன்னால் தனக்கே அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். இன்னொன்றும் இருந்தது. அதை அவன் பிற்பாடு தனக்குத்தானே ஒத்துக்கொண்டான். அப்படி ஒரு குரலை அவன் பதினைந்து வருஷத்தில் கேட்டதில்லை. திரண்ட கூட்டத்துக்கு முன்னால், நாலு குழாயிலும் அது எப்படி விழும் என்று கேட்டுப் பார்க்க அவனுக்கும் ஆசையாக இருந்தது.

"சரிக்கா," என்றான்.

நாடகம் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கியது. கடைவீதிக்குப் பின்னால் தகரக் கொட்டகை. தகரத்தின்மேல் சாரல் அரிசி புடைப்பதுபோல விழுந்துகொண்டிருந்தது. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்த கூட்டம். பலாச்சுளை வாசனை, வேர்க்கடலை வாசனை, பெட்ரோமாக்ஸின் மண்ணெண்ணெய் வாசனை. காடு வரைந்த திரைக்குப் பின்னால் மைக் நின்றது. மைக்குக்கு முன்னால் வெள்ளைச் சேலையில் ஞானபாக்கியம். யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் பவுடர் பூசி, பூ வைத்திருந்தாள். அவளுக்கு இரண்டு கை தூரத்தில் பெட்டியோடு துல்கர்னைன். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு கை கைப்பிடியில், ஒரு கை சுவிட்சில்.

அரசன் திரைக்கு அந்தப்பக்கம் புலம்பி முடித்தான். அவள் மூச்சை இழுத்தாள்.

"அரசனே."

ஒரு எழுத்து. அவள் நாக்கின்மேலேயே ஏறி வந்தது. கூட்டம் கப்பென்று அடங்கியது.

"நில்."

சேர்ந்து வந்தது. அவள் வாயும் குழாயும் ஒரே நேரத்தில். ஒரே ஒரு குரல். இடைவெளி இல்லை.

துல்கர்னைன் அவள் உதட்டைப் பார்த்தான்.

"நீ தேடி வந்தது," என்றது குரல். அவள் உதடு அதற்குப் பிறகு அசைந்தது.

அவன் சுவிட்சை அணைத்தான். சிவப்பு விளக்கு அவிந்தது. சக்கரங்கள் நின்றன. மைக் வயரைப் பிடுங்கினான். வயர் அவன் கையில் இருந்தது.

"உனக்கு முன்னமே இங்கே வந்து நிற்கிறது."

உதடு பின்னால் ஓடி வந்தது. ஒரு எழுத்து. இரண்டு எழுத்து. மூன்று. அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண் அகலமாகி அவன்பக்கம் திரும்பியது. கை கழுத்தைப் பிடித்தது. வாயை இறுக்கி மூடினாள். மூடினபிறகும் மொத்த வசனமும், ஏற்ற இறக்கம் குறையாமல், கொட்டகையின் நாலு மூலையிலும் கணீரென்று விழுந்து முடிந்தது.

கைத்தட்டல் தகரத்தைத் தூக்கிவிடும்போல எழுந்தது. குத்தாலிங்கம் அண்ணாச்சி கண் கலங்கி ஓடிவந்தார். ஞானபாக்கியம் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"தலைய வலிக்கு அண்ணாச்சி. வீட்டுக்குப் போறேன்," என்றது குரல், முந்தானைக்குப் பின்னாலிருந்து.

"போ தாயி, போ. இன்னைக்கு நீதான் நாடகம்," என்றார் அவர்.

அவள் பொத்தின கையை எடுக்காமலே துல்கர்னைனைத் தாண்டிப் போனாள். அவன் பிடுங்கின வயரைச் சுருட்டிக்கொண்டே நின்றான்.

நாலு நாள் கழித்துத்தான் அவனுக்கு மேலகரம் போகிற தைரியம் வந்தது. ஞானபாக்கியம் தன் தங்கை கிருபைமணியோடு அங்கே வாடகை வீட்டில் இருந்தாள். ஒரு முன்னறை, பின்னால் அடுப்பங்கரை. கிருபைமணி சிரித்த முகமாகத்தான் வாசலுக்கு வந்தாள்.

"வாங்கண்ணே. அக்கா நல்லாத்தான் இருக்கா. கண்ணுல வெளிச்சம் குத்துதுன்னு சுவத்தப் பாத்தே உக்காந்திருக்கா, கிட்ட போனா மூஞ்சிய மூடிக்கிடுதா. ஆனா பேச்சுக்குக் கொறச்சலே இல்ல. முன்னெல்லாம் ஒரு நாளைக்கு நாலு வார்த்த பேச மாட்டா. இப்பம் அடுத்த தெருவுலேருந்துகூட வந்து பேசிக்கிட்டு இருந்துட்டுப் போறாங்க."

ஞானபாக்கியம் கட்டிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு.

"வாங்க தம்பி, சுகமா இருக்கீங்களா?" என்றது குரல். கலகலப்பாக. "வீட்டுல ஷமீம் எப்படி இருக்கா?"

"இருக்காக்கா. நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன. உக்காருங்க."

உட்கார்ந்தான். வெளியே தெருவில் ஒரு மாட்டுவண்டி போனது. அடுப்பங்கரையில் பாத்திரம் உருண்டது. அந்தச் சத்தங்கள் எல்லாம் அறைக்குள் வந்து அவளைச் சுற்றி விழுந்தன. குரல்மட்டும் எதிலும் தோயாமல் தனியாக நின்றது. ஒருவேளை நான்தான் பயந்துவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். கடை பற்றிக் கேட்டது. சாரல் பற்றிக் கேட்டது. சொன்னான்.

கட்டிலுக்கு எதிரே சுவரில் கண்ணாடி போட்ட வேதவசனப் படம் ஒன்று மாட்டியிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் பார்வை தற்செயலாக அந்தக் கண்ணாடியில் விழுந்தது. அதில் முக்காட்டுக்குள் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது.

குரல் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் உதடு மூடியிருந்தது.

பிறகு குரல் ஓய்ந்திருந்த ஒரு நொடியில் உதடு அசைந்தது. சத்தமில்லாமல். மூன்று நாள் அந்த உதட்டைப் பார்த்தே எழுத்து எண்ணியவனுக்கு அது என்ன சொல்கிறது என்று தெரியாமல் போகவில்லை. 'நீ தேடி வந்தது.' நாடகத்தன்று சொன்ன வசனம். நாலு நாள் பின்தங்கி அவள் அங்கேயே, அந்தத் திரைக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். கண்மட்டும் இன்றைக்கு இருந்தது. கண்ணாடி வழியே அவனையே பார்த்தது. அந்தக் கண் கெஞ்சுவதையும், தொண்டை ஏறி இறங்குவதையும் பார்த்தான். அவனிடம் அவள் இப்போது, இந்த நிமிஷம், ஏதோ சொல்கிறாள். உதடு அதைச் சொல்ல நாளாகும்.

"என்ன தம்பி, பேச்சே காணோம்?" என்றது குரல்.

"ஒண்ணுமில்லக்கா," என்றான்.

அதற்குப் பிறகு தினம் போனான். கடையைப் பாதிநாள் அடைத்துவிட்டு, பழம் வாங்கிக்கொண்டு, நலம் விசாரிக்கப் போகிறவன்மாதிரி போய் அதே இடத்தில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தான். அன்றைக்கு அவள் சொன்னது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் அவனால் சாப்பிட முடியவில்லை, தொழ முடியவில்லை. கிருபைமணிக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று குரலோடு பேசிக்கொண்டே இருந்தான். அது கேட்கும். அவன் சொல்லுவான். ஷமீமின் ஊர் எது, உம்மா எப்போது மௌத்தாகி அடக்கம் ஆனாள், சின்ன வயதில் அவன் என்ன பாட்டுப் படிப்பான். கேட்கக் கேட்கச் சொன்னான். இடைவெளி வளர்ந்துகொண்டே போனது. ஒரு நாள் உதடு கூட்டத்தின் கைத்தட்டலுக்குப் பிறகு அவள் விட்ட மூச்சைச் சொன்னது. இன்னொரு நாள், பொத்தின கைக்குள் அவள் கத்திய கத்தலைச் சொன்னது. அகலமாகத் திறந்த வாய். சத்தமே இல்லை. குரல் அந்நேரம் சுண்டைக்காய் வற்றலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

நாடகம் முடிந்த பதினாலாம் நாள் மத்தியானம் போனான். தெருவே அமைதியாக இருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண்பிள்ளை தன் வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். கிருபைமணி அடுப்பங்கரையில் இருந்தாள்.

"உள்ள வாங்கண்ணே," என்றாள் அங்கிருந்தே.

கட்டிலில் குரல் இல்லை. ஞானபாக்கியம் மட்டும் இருந்தாள். மெலிந்து, முக்காடு நழுவி. கண்ணாடியில் அவள் கண் அவனைக் கண்டுபிடித்தது. உதடு அசையத் தொடங்கியது.

'தம்பி.'

அவன் எழுந்து கண்ணாடிக்குக் கிட்டப் போனான்.

'அதுக்கு.'

ஒவ்வொரு எழுத்தாக, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல.

'பதில். சொல்லாதீங்க.'

அவ்வளவுதான். உதடு மூடிக்கொண்டது. கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

துல்கர்னைன் அசையாமல் நின்றான். பத்து நாள். எத்தனை பதில். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அடுப்பில் ஏதும் கொதிக்கிற சத்தம் இல்லை, புகை வாசனை இல்லை. அவன் மெள்ள அடுப்பங்கரைப்பக்கம் திரும்பினான்.

கிருபைமணி அணைந்த அடுப்பைத் தாண்டி, கரி படிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதுகுதான் தெரிந்தது. தலையில் முக்காடு போட்டிருந்தாள். பாத்திரம் எதுவும் கையில் இல்லை. இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன.

"காப்பி குடிக்கீங்களாண்ணே?" என்றது அவள் குரல். கலகலப்பாக. அவள் திரும்பவில்லை.

அவன் பதில் சொல்லவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்தினான். உதட்டைப் பல்லால் கடித்துப் பிடித்தான். கைக்குள் மூச்சுமட்டும் சுட்டது.

"குடிக்கேன்," என்றது அவன் குரல், கட்டிலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவிலிருந்து. "சீனி கொஞ்சமாப் போடும்மா."